பொலிஸ் வேலையில் இருப்பவர் சாவை யோசிக்கும்போது: வீட்டாரும் விடுதியில் கூட இருப்பவரும் ஓ.ஐ.சி.யும் செய்ய வேண்டியவை

இதை மூன்று பேருக்காக எழுதுகிறேன். பொலிஸ்காரரின் வீட்டார், பொலிஸ் விடுதியில் அவருக்குப் பக்கத்துக் கட்டிலில் படுக்கிறவர், அவருக்கு டியூட்டி போடுகிற ஓ.ஐ.சி. (ஸ்டேஷன் பொறுப்பதிகாரி). நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தராக வேலை செய்கிறேன். தம்பி பொலிஸில் கான்ஸ்டபிள். அலுவலகத்தில் கேட்டதும் வீட்டில் பார்த்ததும் சேர்ந்துதான் இதில் வரும். என்னிடம் வந்து கதைத்தவர்கள் யாரையும் அடையாளம் தெரிகிற மாதிரி எழுதவில்லை.

வாசிக்கிற நீங்களே அந்த யோசனையோடு இருந்தால் மிச்சத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இப்போது 1926க்கு எடுங்கள். அங்கொடையில் இருக்கும் தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசிச் சேவை அது. 24 மணித்தியாலமும் உண்டு. தமிழிலும் கதைக்கலாம், சிங்களத்திலும் கதைக்கலாம். 1333 என்று இன்னொரு இலக்கமும் உண்டு, காசு போகாது. கையில் துவக்கு இருந்தால் முதலில் அதைப் பக்கத்தில் நிற்கிறவரிடம் கொடுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. "வயித்துக்குள்ள ஏதோ செய்யுது, இதைக் கொஞ்சம் பிடி" என்றால் போதும்.

"பொலிசுக்கு ஏன் அக்கா இவ்வளவு கரிசனை?" என்று எங்கள் பக்கத்தில் கேட்பார்கள். வன்னியில் காக்கிச் சட்டையைக் கண்டால் பலருக்கு நல்ல ஞாபகம் எதுவும் வருவதில்லை, அது எனக்கும் தெரியும். அந்தக் கணக்கை நான் இங்கே தீர்க்கப் போவதில்லை. இப்போது அந்தச் சட்டைக்குள் எங்கள் பிள்ளைகளும் இருக்கிறார்கள், குருநாகலிலும் மொனராகலையிலும் இருந்து வந்த யாரோ ஒரு தாயின் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இவ்வளவுதான் என் பதில்.

அந்த வேலை ஆளை என்ன செய்கிறது

பொலிஸ்காரருக்குச் சாவு என்பது வேலை நாளில் வருகிற ஒரு அலுவல். ஏ9 வீதியில் இரவு விபத்து நடந்தால் முதலில் போவது அவர். நுண்கடன் தொல்லை தாங்காமல் உயிரை விட்ட ஒரு பெண்ணின் வீட்டுக்குப் போய், பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாக்குமூலம் எழுதுவது அவர். உடலோடு ஆஸ்பத்திரிக்குப் போய், திடீர் மரண விசாரணை அதிகாரி வரும்வரை சவச்சாலை வாசலில் நிற்பதும் அவர்தான். பொழுதுபட்டு விடுதிக்கு வந்து ரொட்டியைப் பிய்த்து வாயில் வைக்கும்போது "இண்டைக்கு என்ன மாதிரி?" என்று கேட்க ஆள் இருக்காது. 2023இல் கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய் பதிக்கத் தோண்டிய இடத்தில் மனித எச்சங்கள் வெளிவந்தபோது அங்கே காவலுக்கு நின்றதும் பொலிஸ்தான். காவல் நின்றவர்களுக்கு அப்புறம் யாராவது ஒரு தேத்தண்ணி கொடுத்துக் கதை கேட்டார்களா என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

தமிழ்க் கான்ஸ்டபிள்களுக்கு இதன் மேல் இன்னொரு பாரம். ஸ்டேஷனில் தமிழ் தெரிந்தவர்கள் கொஞ்சப் பேர் என்பதால் மொழிபெயர்ப்பு முழுக்க அவர்கள் தலையில்தான் விழும். காணாமல் போன மகனைப் பற்றி ஒரு தாய் கதறுவார், அதை இவர் சிங்களத்தில் "நான் என் மகனைக் கடைசியாகப் பார்த்தது..." என்று தன் வாயால் சொல்ல வேண்டும். ஒரு நாளில் நாலைந்து பேருடைய துக்கம் இப்படி அவருடைய வாய் வழியாகப் போகும். வெளியே வந்தால் ஊரில் சிலர் இவரைப் பார்த்துக் கதையை நிறுத்துவார்கள். சிங்களப் பொடியனுக்கு வேறு விதமான தனிமை. மொழி தெரியாத ஊர், மாலையில் போய் இருந்து கதைக்க ஒரு வீடு இல்லை, லீவு கிடைத்தாலும் பஸ்ஸிலேயே ஒரு நாள் போய்விடும்.

இதெல்லாம் இருந்தும் பெரும்பாலான பொலிஸார் சாவை யோசிப்பதில்லை. ஆகவே ஒரே காரணத்தைத் தேடாதீர்கள். இரவு டியூட்டியால் கெட்ட தூக்கம், சம்பளத்தில் வெட்டுப்படுகிற கடன், மோட்டார் சைக்கிள் லீசிங், வீட்டில் பிணக்கு, குடி என்று ஒன்றின் மேல் ஒன்றாக ஏறும். என் அனுபவத்தில் கடைசியாக வந்து விழுகிறது பெரும்பாலும் மானப் பிரச்சினைதான். ஒழுக்காற்று விசாரணை, பணி இடைநிறுத்தம், எல்லோர் முன்னாலும் பட்ட ஏச்சு, பேஸ்புக்கில் வந்த வீடியோ. மற்றவனைப் பிடித்துக் கூண்டில் நிறுத்தியவருக்குத் தானே அங்கே நிற்பதைக் கற்பனை செய்யவும் முடியாது. பதவி உயர்ந்தால் இது குறையும் என்றும் நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டில் 2023 ஜூலையில் கோயம்புத்தூர் சரகத்தின் டி.ஐ.ஜி. தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அதற்குக் கீழே எத்தனை படி இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

எதைக் கவனிக்க வேண்டும்

வீட்டாரைவிட விடுதியில் படுக்கிறவருக்குத்தான் முதலில் தெரியும். ஆள் சாமம் சாமமாக முழித்திருப்பார். முந்தி நாளுக்கு இரண்டு தரம் வீட்டுக்கு எடுத்தவர் இப்போது போனைத் திருப்பி வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுப்பார். கிழமைக்கு ஒருக்கால் குடித்தவர் தினமும் குடிப்பார், அதுவும் தனியே. "நான் இல்லாட்டி எல்லாருக்கும் நிம்மதி" என்று பகிடி போலச் சொல்வார். அந்தப் பகிடிக்கு யாரும் சிரிக்காதீர்கள், கடந்தும் போகாதீர்கள்.

சாமான் கொடுப்பது முக்கியமான அறிகுறி. மணிக்கூட்டைக் கழற்றி "நீ வச்சிரு" என்பார். பழைய கைமாற்றுக் காசை எல்லாம் திடீரென்று தேடிப்போய்க் கொடுத்து முடிப்பார். வங்கிப் புத்தகம் எங்கே இருக்கிறது என்று மனைவிக்குச் சொல்வார். தனியாக நிற்கிற இரவுக் காவலை வழக்கமாகத் தட்டிக் கழிக்கிறவர் தானாகவே கேட்டு வாங்குவார்.

எல்லாவற்றையும்விட என்னைப் பயப்படுத்துவது, பல நாள் இடிந்துபோய் இருந்தவர் காரணம் ஒன்றும் இல்லாமல் ஒரு நாள் காலை அமைதியாகி, சவரம் எடுத்து, எல்லோரோடும் சிரித்துக் கதைப்பது. "அப்பாடா, ஆள் தேறிவிட்டார்" என்று நாங்கள் நினைப்போம். சில வேளை உண்மையாகவே தேறியிருப்பார். சில வேளை முடிவெடுத்துவிட்ட நிம்மதியாகவும் இருக்கலாம். எது என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, கேட்டால்தான் தெரியும்.

எப்படிக் கேட்பது

நேராகக் கேளுங்கள். கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்று பயப்படுவார்கள். அப்படி வருவதில்லை என்று ஆராய்ச்சிகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. கேட்டவுடன் பலருக்கு இறுக்கம் குறைகிறது. கேட்கிற இடம் முக்கியம். விடுதிக்குள் நாலு பேர் முன்னால் வேண்டாம். மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு குளக்கட்டுக்குப் போங்கள், அல்லது ஸ்டேஷனுக்குப் பின்னால் வேப்பமர நிழலில் இருங்கள். முகத்துக்கு முகம் இருந்து விசாரணை போலக் கேட்டால் பொலிஸ்காரர் வாய் திறக்க மாட்டார். அந்த விளையாட்டு அவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். பக்கத்தில் இருந்து, இரண்டு பேரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு கதைப்பது நல்லது.

நான் தம்பிக்குச் சொல்லிக்கொடுத்தது இப்படி:

"மச்சான், ரெண்டு கிழமையா நீ நித்திரை கொள்ளுறேல்லை. அந்த விசாரணைக் கடிதம் வந்த நாள் தொட்டு ஒழுங்கா சாப்பிடுறதும் இல்லை. இப்பிடி இருக்கேக்க சில பேருக்குச் செத்துப்போவம் எண்டு வாறது. உனக்கு அப்பிடி யோசினை வந்ததோ?"

முதலில் கண்டதைச் சொல்ல வேண்டும், அப்புறம் கேட்க வேண்டும், அப்புறம் வாயை மூட வேண்டும். மூன்றாவதுதான் கஷ்டம். அவர் பதில் சொல்ல ஒரு நிமிடம் எடுக்கலாம், அந்த ஒரு நிமிடத்துக்குள் நாங்கள் புத்திமதி சொல்லத் தொடங்கிவிடுவோம். பக்கத்துக் கட்டிலில் சிங்களப் பொடியன் என்றால் "மெரென்ன ஹிதெனவத மல்லி?" (சாக வேணும் போல இருக்கோ தம்பி?) என்று கேட்டாலே போதும். உச்சரிப்புப் பிழைத்தாலும் பரவாயில்லை.

"உன்ர பிள்ளையளை யோசிச்சுப் பார்", "ஆம்பிளை எல்லோ", "கோழை மாதிரி யோசிக்காதை", "கோயிலுக்குப் போய் ஒரு அர்ச்சனை செய், சரிவரும்" — இவற்றில் ஒன்றும் வேண்டாம். பிள்ளைகளை அவர் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறார். தான் அவர்களுக்குப் பாரம் என்று நினைப்பதுதான் அவருடைய வருத்தமே. "ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்" என்று சத்தியமும் செய்ய வேண்டாம். "தேவையில்லாத ஆளுக்குச் சொல்லமாட்டன், ஆனா உன்னைத் தனிய விடவும் மாட்டன்" என்று சொல்லலாம்.

ஓம் என்றால் இன்னும் இரண்டு கேள்வி உண்டு. எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறாரா? எப்போது என்று யோசித்திருக்கிறாரா? இரண்டுக்கும் பதில் இருந்தால் அது இன்றைக்கே பார்க்க வேண்டிய அலுவல். விடியட்டும் என்று விடக்கூடாது.

துவக்கு

இந்தப் பகுதிக்காகத்தான் மற்றதெல்லாம் எழுதினேன். ஆளையும் ஆயுதத்தையும் பிரித்து வைத்தால் பல உயிர் தப்பும். சாவை நோக்கித் தள்ளுகிற அந்த உச்ச வேகம் பெரும்பாலானவர்களுக்கு நாள் கணக்கில் நிற்பதில்லை. நிமிடங்களில் அல்லது சில மணித்தியாலத்தில் இறங்கிவிடும். இறங்கும்வரை கைக்கெட்டிய தூரத்தில் ஒன்றும் இருக்கக்கூடாது.

வன்னி விவசாயிக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1995இல் இலங்கையில் ஒரு லட்சம் பேருக்கு 47 பேர் அளவில் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள், உலகிலேயே மிகக் கூடிய விகிதங்களில் ஒன்று. அந்த ஆண்டு தொடங்கி 2011 வரை கொடிய கிருமிநாசினிகளை அரசாங்கம் படிப்படியாகத் தடை செய்தது. இருபது வருடத்தில் அந்த எண் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியது. யுத்தம் 2009 வரை நடந்தது, வறுமையும் கடனும் அந்தக் காலத்தில் நின்றுவிடவில்லை. சனத்தின் துக்கம் அப்படியே இருக்க, கைக்கெட்டிய விஷம் குறைந்ததுதான் பெரிய வித்தியாசம்.

இதில் இன்னொரு பாடம் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. தடை செய்யாமல், வீட்டில் வயல் மருந்தைப் பூட்டி வைக்கப் பெட்டி கொடுத்தால் என்ன என்று வட மத்திய மாகாணத்தில் 180 கிராமங்களில் பரீட்சித்துப் பார்த்தார்கள். முடிவு 2017இல் வந்தது: பலன் இல்லை. எனக்கு ஆச்சரியமாக இருக்கவில்லை. பெட்டி வீட்டில், திறப்பும் வீட்டில். ஆகவே பூட்டுவது போதாது, அப்புறப்படுத்த வேண்டும். திறப்பு அவரிடம் இருக்கவே கூடாது.

துவக்குக்கும் இதே கதைதான். இஸ்ரேல் ராணுவத்தில் 2006இல், வார இறுதியில் வீட்டுக்குப் போகிற இளம் சிப்பாய்கள் துவக்கை முகாமில் வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று மாற்றினார்கள். அந்த ராணுவத்தைப் பற்றிச் சொல்ல எங்களுக்கு வேறு பல விஷயம் உண்டு, அது இருக்கட்டும். அந்த ஒரு மாற்றத்தோடு சிப்பாய்களின் தற்கொலை 40 வீதம் குறைந்தது. குறைந்தது வார இறுதியில்தான். கிழமை நாட்களில் பெரிய மாற்றம் இல்லை, ஆனால் வார இறுதியில் தப்பியவர்கள் கிழமை நாளில் போய்ச் சாகவும் இல்லை.

ஆகவே செய்ய வேண்டியது இது. ஓ.ஐ.சி. என்றால், கவலையான ஆளை ஆயுதம் தேவைப்படாத வேலைக்கு மாற்றுங்கள். முறைப்பாட்டு மேசை, வயர்லெஸ் அறை, நீதிமன்ற வேலை, போக்குவரத்து என்று ஒரு ஸ்டேஷனில் எத்தனையோ உண்டு. மாற்றுகிற விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. காலை அணிவகுப்பில் பேர் கூப்பிட்டு "இவருக்கு இனித் துவக்கு இல்லை" என்றால் அவரையும் தள்ளிவிட்டீர்கள், இனி அந்த ஸ்டேஷனில் வேறு எவனும் வாய் திறக்கவும் மாட்டான். அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, கதிரையில் இருத்தி, "கொஞ்ச நாளைக்கு நீர் மேசையில நில்லும். இது தண்டனை இல்லை, உம்மட பைலில ஒண்டும் எழுதேல்லை. மாதம் முடிய நாங்கள் ரெண்டு பேரும் இருந்து கதைப்பம்" என்று சொல்லுங்கள். எப்போது திரும்பக் கிடைக்கும் என்ற பேச்சு அதில் கட்டாயம் இருக்க வேண்டும். முடிவில்லாமல் ஆயுதத்தை எடுப்பது பொலிஸ்காரருக்கு இடைநிறுத்தம் மாதிரியே படும்.

என்னைக் கேட்டால், எந்த ஸ்டேஷனிலும் எவரும் "இண்டைக்கு எனக்கு ஆயுதம் வேண்டாம்" என்று காரணம் சொல்லாமல் சொல்ல ஒரு வழக்கம் வர வேண்டும். காய்ச்சலுக்கு லீவு கேட்பது போல அது சாதாரணமாக வேண்டும். மேலிடத்து உத்தரவு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, நல்ல ஓ.ஐ.சி. ஒருவர் தன் ஸ்டேஷனுக்குள்ளேயே இதைத் தொடங்கலாம்.

விடுதித் தோழர் என்றால், இரவு ஆயுதக் களஞ்சியத்தில் ஒப்படைத்தாரா என்று கூடப்போய்ப் பாருங்கள். காவலுக்கு அவர் தனியே போகிற நாளில் நீங்களும் போங்கள், அல்லது மாற்றிக் கேளுங்கள். ஆனால் அவர் கையில் துவக்கை வைத்துக்கொண்டு நிற்கும்போது பறிக்கப் போகாதீர்கள். தூர நின்று, மெதுவாகக் கதைத்து, மற்றவர்களை விலக்கி, அவர் நம்புகிற ஒருவரை வரச் செய்யுங்கள்.

வீட்டார் என்றால், லீவில் வருகிறவருக்கு வயல் மருந்தும் கண்ணில் படக்கூடாது. பெட்டிக்குள் வைத்துப் பூட்டாமல், மாமா வீட்டிலோ பக்கத்து வளவிலோ கொண்டுபோய்க் கொடுங்கள். குளிசைகளை நீங்கள் வைத்து, அன்றன்றைக்கு உரியதை மட்டும் கொடுங்கள். சாராயமும் இந்த நாட்களில் வீட்டில் வேண்டாம்.

எங்கே கூட்டிப்போவது

உடனே பயமான நிலை என்றால் கிட்டிய ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு. 1990 அம்புலன்ஸ் இலவசம். வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவு மாஞ்சோலையிலும் உள்ள பொது வைத்தியசாலைகளில் உளநல சேவை உண்டு. போகிற வழியில் அவரைத் தனியே பின் சீட்டில் விடாதீர்கள், பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும்.

அவ்வளவு அவசரம் இல்லை என்றால் கிளினிக். பொலிஸ்காரர் கிளினிக்குக்குப் போக மறுப்பதற்கு நான் கேட்ட காரணம் அநேகமாக ஒன்றுதான்: போன கிழமை தான் பிடித்துக்கொடுத்த ஆள் அந்த வாங்கில் இருப்பான். உண்மைதான், சின்ன ஊர். சீருடை இல்லாமல் போகலாம். பக்கத்து மாவட்டத்துக்குப் போகலாம். மாங்குளத்தில் இருந்து வவுனியாவுக்கும் பஸ் இருக்கிறது, கிளிநொச்சிக்கும் இருக்கிறது. சிங்களப் பொடியனை லீவு எடுத்து அவருடைய ஊர் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லலாம், தாய்மொழியில் கதைக்கட்டும். கொழும்பு நாரஹேன்பிட்டியில் பொலிஸ் வைத்தியசாலையே இருக்கிறது, ஆனால் மேலதிகாரிக்குத் தெரிந்துவிடும் என்று பயப்படுகிறவரை முதலிலேயே அங்கே தள்ள வேண்டாம். பிரதேச செயலகங்களில் என்னைப் போல உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். அவர் செயலக வாசலில் ஏற விரும்பாவிட்டால் போனில் சொல்லிவைத்து வெளியில் சந்திக்கலாம்.

இன்னொரு பயம், "முயற்சி செய்தது தெரிந்தால் வழக்குப் போடுவார்கள்" என்பது. வழக்குப் போடுகிற இலாகாவில் இருப்பவர்களே இதைச் சொல்வார்கள்! தற்கொலை முயற்சி இலங்கையில் 1998இல் இருந்து குற்றம் இல்லை.

ஓ.ஐ.சி.மாருக்கு இன்னும் கொஞ்சம்

"பொலிசுக்குள்ள இதெல்லாம் சரிவராது" என்கிறவர்களுக்கு கனடாவின் மொன்ட்ரியலைக் காட்டுவேன். எங்கள் சனம் நிறையப் பேர் இருக்கிற ஊர், யாருடைய சித்தப்பாவையாவது கேட்டுப் பார்க்கலாம். அங்கே 1997இல் பொலிஸுக்குள்ளேயே ஒரு திட்டம் தொடங்கினார்கள். எல்லாப் பொலிஸாருக்கும் அரை நாள் பயிற்சி, மேற்பார்வை செய்கிறவர்களுக்கும் சங்கப் பிரதிநிதிகளுக்கும் கூடுதல் பயிற்சி, பொலிஸாருக்கென்றே ஒரு தொலைபேசி, சுவரெல்லாம் அறிவித்தல். முன்பு ஒரு லட்சத்துக்கு 30 அளவில் இருந்த தற்கொலை, அடுத்த 12 வருடத்தில் 6 அளவுக்கு இறங்கியது. அதே மாகாணத்தின் மற்றப் பொலிஸ் பிரிவுகளில் அந்தக் காலத்தில் இறங்கவில்லை. பெரிய இயந்திரம் ஒன்றும் வாங்கவில்லை, பக்கத்தில் இருக்கிறவனுக்குக் கேட்கப் பழக்கினார்கள். அவ்வளவுதான்.

உங்கள் கையில் இருக்கிற இரண்டு விஷயம். ஒன்று லீவு. தமிழ்நாட்டில் 2021இல் காவலர்களுக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்று உத்தரவு போட்டார்கள். இங்கே கந்தோரில் நினைத்தபடி மாற்ற முடியாதுதான், ஆனால் கொடுத்த லீவைக் கடைசி நேரத்தில் வெட்டாமல் இருக்கலாம். பஸ் சீட்டு எடுத்து, மகளின் பிறந்தநாளுக்குச் சாமானும் வாங்கி வைத்தவனுக்கு அந்த வெட்டு எப்படி இருக்கும் என்று உங்களுக்கும் தெரியும், நீங்களும் ஒரு காலத்தில் கான்ஸ்டபிள்தானே. மற்றது, இடைநிறுத்தக் கடிதம். அதைப் பின்னேரம் கொடுத்து, சீருடையை வாங்கிவிட்டு, ஆளை ரோட்டில் விடாதீர்கள். காலையில் கொடுங்கள். வீட்டுக்காரர் ஒருவரை வரவழைத்து, யாரோடு போகிறார் என்று பார்த்து அனுப்புங்கள். அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் ஸ்டேஷனில் இருந்து ஒருவர் போன் எடுக்க வேண்டும். குற்றம் செய்தாரோ இல்லையோ, அதை விசாரணை பார்த்துக்கொள்ளட்டும்.

ஒரு துண்டுப் பேப்பர்

ஆஸ்பத்திரியால் வந்தவருக்கும், போக மறுக்கிறவருக்கும் நான் எழுதுவிக்கிற ஒன்று இது: யோசனை கூடும்போது என்ன செய்வது, யாரிடம் போவது என்ற பட்டியல். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களின் ஆஸ்பத்திரிகளில் இப்படி ஒன்றை ஆளோடு சேர்ந்து எழுதி, அப்புறம் போன் எடுத்தும் விசாரித்துக்கொண்டு வந்தார்கள். அடுத்த ஆறு மாதத்தில் தற்கொலை முயற்சிகளும் அதற்கான ஆயத்தங்களும் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்ததாக 2018இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அவரே, அவருடைய கையெழுத்தில் எழுத வேண்டும். நீங்கள் எழுதிக் கொடுத்தால் அது உங்கள் பேப்பர். ஒருவருடைய பேப்பர் ஏறத்தாழ இப்படி இருக்கும், விபரம் மாற்றியிருக்கிறேன்:

எனக்குக் கூடுது எண்டு தெரியிறது: நித்திரை இல்லை, சாப்பாடு மணக்குது, ஆரும் கூப்பிட்டா எரிச்சல்.
அப்ப நான் செய்யிறது: கிணத்தடியில முழுக்கு, சைக்கிளில குளத்தடி வரைக்கும்.
போய் இருக்கக்கூடிய இடம்: பெரியம்மா வீடு, வொலிபோல் கிரவுண்ட்.
சொல்லக்கூடிய ஆக்கள்: அண்ணை, பேட்ச் மேட்.
இவையும் இல்லாட்டி: 1926.
துவக்கு: சார்ஜன்டிட்டச் சொல்லி மேசை டியூட்டி. மருந்துப் போத்தல்: மாமா வீட்டில.

இதைப் படம் எடுத்துப் போனிலும் வைக்கலாம். பேர்ஸில் மடித்து வைப்பது இன்னும் நல்லது, போன் சார்ஜ் இல்லாமல் போகும்.

ஆஸ்பத்திரியால் வீட்டுக்கு வந்த முதல் கிழமைகள்தான் கவனம் கூடத் தேவைப்படுகிற காலம். துண்டு வெட்டிவிட்டார்கள், ஆள் தேறிவிட்டார் என்று எல்லோரும் கலைந்துவிடுவார்கள். கிளினிக் கொப்பியில் அடுத்த திகதியைப் பாருங்கள், அந்த நாளுக்கு டியூட்டி போட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். மருந்து வேலை செய்யச் சில கிழமை எடுக்கும். "ஒண்டும் மாறேல்லை" என்று இரண்டாம் கிழமையில் நிறுத்தப் பார்ப்பார், வைத்தியரைக் கேட்காமல் நிறுத்த விடாதீர்கள். வேலைக்குத் திரும்பும் நாளில் மாலை போடவும் வேண்டாம், ஒளித்துப் பார்க்கவும் வேண்டாம். "வா மச்சான், தேத்தண்ணி ஊத்தினாச்சு" என்றால் சரி.

எல்லாம் செய்தும் ஒருவர் போய்விடலாம். அப்படி நடந்தால் அந்த இடத்தின் படத்தையும் எப்படி நடந்தது என்ற விபரத்தையும் ஸ்டேஷன் வட்சப் குழுவில் போடாதீர்கள், யாராவது போட்டால் அழிக்கச் சொல்லுங்கள். "கடனாலதான்", "மனிசியாலதான்" என்று ஊருக்கு ஒற்றைக் காரணம் சொல்லாதீர்கள், அந்த மனைவி அதே ஊரில் பிள்ளைகளோடு வாழ வேண்டும். செத்த வீட்டுக்குச் சீருடையோடு போங்கள், மற்ற எந்தப் பொலிஸ்காரர் இறந்தாலும் போகிற மாதிரி. அந்த விடுதியில் அவரோடு படுத்தவர்கள் யார் யார் என்று அன்றைக்கே ஒரு பட்டியல் எடுங்கள். அடுத்ததாகக் குளக்கட்டுக்குக் கூட்டிப்போய்க் கேட்க வேண்டியது அவர்களைத்தான், எட்டுச் செலவு முடியும்வரை காத்திருக்க வேண்டாம்.